‘இவன்தான்’ என்று கை நீட்டிய ஞாயிறு

சிங்கப்பூர் தேக்காவில் ஒரே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தொடங்கி, அதை மூன்றாக்கியவன் நான். படித்தது ஆறாம் வகுப்பு. என் மகளோ பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். கண்ணால் பார்த்த சாட்சியின் மனசு எங்கே சறுக்கும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று நண்பர்கள் கேட்பார்கள். படிக்க வைத்தவன் நான், எனக்குத் தெரியாதா என்பேன். அது எனக்கு முழுசாகப் புரிந்தது போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான்.

கோயில் பூசை முடிந்து வாராவாரம் சாப்பிட வருகிற, மார்சிலிங் வட்டாரத்து அக்கா ஒருவரின் கைப்பையை, கடைக்கு வெளியே ஒருவன் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். அக்கா அழுதபடி உள்ளே வந்தார். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் தேக்காவில் சும்மா இருக்க மாட்டோம். ஆளாளுக்கு உதவினோம். நீலச் சட்டையா என்றார் ஒருவர். மீசை உண்டா என்றார் இன்னொருவர். பார்த்தால் ஊரிலிருந்து வேலைக்கு வந்த கம்பெனி ஆள் மாதிரி இருந்தானா என்று கேட்டது நான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்போதுதான் உள்ளே வந்து கைகழுவிக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரரைப் பார்த்ததும், “இவன்தான்” என்று கை நீட்டினார்.

அவர் துவாஸ் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். போலீஸ் கேஸ் என்று ஆகிவிட்டால் வேலை பெர்மிட் போய்விடும், அடுத்த விமானம் ஊருக்குத்தான். ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

விடுமுறை நாளென்று கல்லாவில் இருந்த என் மகள் எழுந்து வந்தாள். “அப்பா, எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. நீங்களும்தான்.”

என் கடையில் என்னை அடக்கிய ஒரே ஆள் அவள். அடங்கினேன்.

அக்காவைத் தனியாக உட்காரவைத்து டீ வரவழைத்தாள். சட்டை, மீசை என்று எந்தப் பேச்சையும் அவள் எடுக்கவில்லை. ஓடினவனிடம் நீங்களாகப் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முதுகைப் பார்த்தேன், கறுப்புத் தொப்பி போட்டிருந்தான் என்றார். முகம் நினைவுக்கு வரவில்லை.

“அப்ப இவரோட முகம் எப்படி ஆன்ட்டி தெரியும்?”

அக்கா அவரை நன்றாகப் பார்த்தார். “இங்கதாம்மா. ஞாயித்துக்கிழமைன்னா எதிர் மேசையில உக்காருவாரு. ஒருநாள் எனக்கு அப்பளம்கூட எடுத்துக் குடுத்தாரு.” சொன்ன வாயை அவரே பொத்திக்கொண்டார்.

பிறகு மகள் எனக்கு விளக்கினாள். பழகிய முகத்தை மனசு எடுத்துக் குற்றத்தின் மேல் ஒட்டிவிடுமாம். அந்த முகத்துக்குச் சட்டையும் மீசையும் மாட்டிவிட்டது எங்கள் கேள்விகள்தானாம். இந்தக் கூர்மை யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போலீஸ் வந்ததும், முகத்தைப் பார்க்கவில்லை என்று அக்கா தெளிவாகச் சொன்னார். பை கிடைக்கவில்லை. வெல்டர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு மட்டனை நானே பரிமாறினேன். முதலாளி கையால் பரிமாறிய இலை என் கடையில் எல்லாருக்கும் கிடைத்துவிடாது.