மார்கழியும் என் ஆள்காட்டி விரலும்

மதராஸில் குளிர் ஏது என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மார்கழி பிறந்தால் என் வலது ஆள்காட்டி விரல் நுனி காய்ந்து, வெடித்து, ரத்தம் கசியும். வேறு யாருக்காவது என்றால் அது சின்னத் தொந்தரவு. நான் மிருதங்கம் வாசிப்பவள். சபாக்களில் கச்சேரிகள் குவிவதும் அதே மார்கழியில்தான்.

தொண்ணூறுகளில் பெண் மிருதங்கம் வாசிக்கிறாள் என்றாலே புருவத்தைத் தூக்குவார்கள். பகலில் நான் அடையாறு பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். சாக்பீஸ் தூளும் வீட்டில் துணி சோப்பும் விடியற்காலைப் பனியும் சேர்ந்து விரலை ஒரு வழி பண்ணிவிடும். எண்ணெய் தடவிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். மிருதங்கத்தின் வலது பக்கத் தோலில் எண்ணெய்ப் பசை பட்டால் நாதம் செத்துவிடும். அதனால் எங்கள் வட்டாரத்தில் கையில் எண்ணெய் என்றாலே மகாபாவம்.

மயிலாப்பூர் சபா ஒன்றில் ஒரு பாடகிக்குப் பக்கவாத்தியமாக முதன்முதலாக மத்தியானக் கச்சேரி கிடைத்தபோது, எரிச்சல் தாங்காமல் மேடைக்குப் பின்னால் நின்று கோல்ட் கிரீமை அப்பிக்கொண்டேன். புடவைத் தலைப்பில் துடைத்தால் போய்விடும் என்று நினைப்பு. போகவில்லை. கணீரென்று விழ வேண்டிய 'நம்' என்ற ஆள்காட்டி விரல் அடி ஈரத்துணியைத் தட்டியது போல விழுந்தது. நான் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதி சபை எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டது. முடிந்தபின் சபா செயலாளர், என் காதில் விழும்படியே, "பொம்மனாட்டி கைக்கு இவ்வளவுதான் வரும்" என்றார். அன்றைக்கு வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷமும் அந்தப் பாடகி நான்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். செயலாளர் முனகிக்கொண்டே சம்மதித்தார். இதிலும் சொதப்பினால் அந்த மேடையை மறந்துவிட வேண்டியதுதான்.

கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட்டேன். உறைந்த தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்து உருக்கி, படுக்கும்போது விரல்களில் ஊறத் தேய்த்து, அதன்மேல் கணவரின் பழைய காலுறையை மாட்டிக்கொள்வேன். வாத்தியத்தைத் தொடுமுன் கடலை மாவால் கை கழுவுவேன். பசை போய்விடும், தோலும் வறளாது. சாக்பீஸுக்குக் காகிதம் சுற்றினேன். மிச்சம் இருந்தது துணி சோப்பு. கணவரிடம் சொன்னேன்: "மார்கழி முடியற வரைக்கும் துணியை நீங்க தோய்க்கணும்."

அவர் தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸில் பெரிய மனுஷர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மொட்டை மாடியில எல்லாரும் பாப்பாளே" என்றார்.

"பாக்கட்டும். அப்படியே கச்சேரிக்கும் வந்து பாக்கட்டும்."

தோய்த்தார். அக்கம்பக்கத்து மாமிகள் வேடிக்கை பார்த்தார்கள். போகப் போக, சட்டைக் காலரை என்னைவிடத் தான் நன்றாக வெளுப்பதாக அவரே பீற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

கச்சேரி அன்று என் விரல் நுனி வழவழவென்று இருந்தது. முதல் 'நம்' விழுந்ததுமே பாடகி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் கடம் வாசித்தவர் பெரிய வித்வான். பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவே யோசித்தவர். தனி ஆவர்த்தனம் வந்தது. நாற்காலி இழுபடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு வாசித்தேன். சத்தமே இல்லை. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. கேன்டீனிலிருந்து சிலர் காபி டம்ளரோடு உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். முத்தாய்ப்பாகத் தீர்மானம் வைத்து முடித்தபோது கைதட்டல் எழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றியது.

மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். கடம் வித்வான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்து கையை விரித்துக் காட்டினார். மூன்று விரல் நுனிகள் பிளந்து கிடந்தன.

"வருஷா வருஷம் இப்படித்தாம்மா. வெளில சொன்னதில்லே. நீ என்ன பண்றே?"

அதற்குள் செயலாளர் டைரியும் கையுமாக வந்து, அடுத்த வருஷத் தேதியை இப்போதே முடிவு பண்ணிவிடலாமா என்று கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்று அவரை அப்படியே நிற்க வைத்தேன். எண்ணெய், காலுறை, கடலை மாவு, துணி தோய்ப்பது உட்பட எதையும் விடாமல் வித்வானுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் செயலாளர் பக்கம் திரும்பினேன்.