மிலிட்டரிக்கு எத்தனை மார்க்?

வார்டில் அவருக்கு மிலிட்டரி என்று பெயர். இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் சம்பாதித்த ஒரே பட்டம் அதுதான். ஆபரேஷன் முடிந்த மறுநாளே நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கிவிடுவார். "வலிக்குது சிஸ்டர்" என்றால், "வலிக்கத்தான் செய்யும், நடங்க" என்பார். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும் என்று படித்துப் படித்துச் சொல்வார். யார் காதில் ஏறுகிறது?

நடந்து, தேறி, வீட்டுக்குப் போனவர்கள் மூன்றாம் நாள் போனில் பழிதீர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி அனுப்பும் முதல் கேள்வியே, 'நர்ஸ் சிரித்த முகமாக இருந்தாரா?' ஐந்துக்கு ஒன்று, இரண்டு என்று தட்டிவிட்டார்கள். உடம்பு குணமானதா என்று ஒரு கேள்விகூட இல்லை. நல்ல விசாரணைதான்!

சராசரி மார்க் மூன்றுக்குக் கீழே இறங்கினால் வார்டு கிடையாது, ரெக்கார்டு அறைதான் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். மிலிட்டரிக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. நோயாளியே இல்லாத அறையில் அவர் என்ன செய்வார்? கண்ணாடி முன் நின்று சிரித்துக்கூடப் பார்த்தார். அவருக்கே சகிக்கவில்லை.

அந்த மாதம் ஏழாம் கட்டில்காரர் இறந்துபோனார். இனித் தேற மாட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து மிலிட்டரி அவரை நடக்கச் சொல்லவில்லை. உதடு காயும்போதெல்லாம் பஞ்சை நனைத்து ஒற்றினார். ஊரிலிருந்து மனைவி வந்து சேராத அந்தக் கடைசி ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழித்து இறந்தவரின் மனைவி மேலாளர் அறைக்கு வந்தார். உள்ளே மிலிட்டரி தன் மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் போன்ல கேள்வி வருதாமே? எனக்கு வரலீங்களே."

"அது குணமாகி வீட்டுக்குப் போனவங்களுக்கு மட்டும்தாம்மா," என்றார் மேலாளர்.

"அப்ப செத்தவங்கள எப்படிப் பாத்துக்கிட்டாங்கன்னு யாருமே கேக்க மாட்டீங்களா? கடைசி வரைக்கும் இவங்கதான் கூட இருந்தாங்கன்னு பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரு. இவங்களுக்கு அஞ்சு போடணும். எங்க போடணும், சொல்லுங்க."

மேலாளர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். இறந்தவர் பெயரே பட்டியலில் இல்லை. "போட முடியாதும்மா," என்றார்.

மிலிட்டரி உத்தரவை மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த அம்மாவை வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

"கடைசியில ஏதாவது சொன்னாரா சிஸ்டர்?"

"உங்களத்தான் தேடுனாரு. 'இந்நேரம் அவளுக்கு பஸ் கிடைச்சிருக்குமா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கிடைச்சிருச்சு, வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன்."