பரங்கிப் பூவுக்குக் கல்யாணம்

எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாசி மாதம் நைனாவிடம் கெஞ்சி, கிணற்றோரம் ஐந்து சென்ட் நிலம் வாங்கிக்கொண்டு, கோடை முடிவதற்குள் காய்க்கும்படி வெள்ளரி, முலாம்பழம், பரங்கி மூன்றும் விதைத்தேன். அது வேர்க்கடலைக்கு ஒதுக்கியிருந்த நிலம் என்பதால் நைனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“ஆனிக்குள்ள காய்ச்சா தோட்டம் உன்னுது. காய்க்கலைன்னா ஆடியில ஏர் ஓட்டி மல்லாட்டை வெதைச்சுடுவேன். அப்புறம் படிச்சவன் கிடிச்சவன்னு என்கிட்ட பேசக் கூடாது.”

சித்திரையிலேயே வெள்ளரி காய்த்தது. முலாம்பழமும் உருண்டு கிடந்தது. நைனா அசரவில்லை.

“இதெல்லாம் தாகத்துக்குத் தின்றது. கொழம்புல போட்ற காய் எங்க?”

பரங்கிதான் மானத்தை வாங்கியது. பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் பழுத்து உதிர்ந்தது. தினமும் காலையில் விரல் நீட்டிப் பிஞ்சுகளை எண்ணுவேன். ஒருநாள் நைனா அதைப் பார்த்துவிட்டார்.

“அடப்பாவி! பிஞ்சப் பாத்து வெரல நீட்டினா அழுவிப் போவாம இன்னா செய்யும்?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் சேராவிட்டால் பிஞ்சு நிற்காது என்று பாடத்தில் படித்திருந்தேன். கோட்டை மலையில் தேன் எடுத்தவர்கள் அப்போதுதான் புகை போட்டுப் போயிருந்தார்கள். தோட்டத்தில் ஒரு தேனீயைக் காணோம். மறுநாள் விடிந்ததும் ஆண் பூக்களைப் பறித்து, இதழைக் கிழித்தெறிந்துவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று பெண் பூக்களில் தடவினேன். கீரை பறிக்க வந்த அம்மா நின்றுவிட்டாள்.

“இன்னாடா பண்ற?”

“பூவுக்குக் கல்யாணம் பண்றம்மா.”

“ஒரு மாப்பிள்ளைக்கு மூணு பொண்ணா? நல்லா இருக்குதுடா நியாயம்!”

கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த நைனா மாட்டை நிறுத்தினார். “பந்தி எப்போ? எனக்கும் ஒரு எல போட்டு வைய்யி.”

எதற்கு வம்பு என்று அன்றிலிருந்து விரலையும் மடக்கிக்கொண்டேன். பத்து நாளில் நான்கு பிஞ்சுகள் தேங்காய் அளவுக்குத் திரண்டன.

“வெரல மடக்கின இல்ல, அதான்” என்றார் நைனா.

“நான் ஊத்தின சாணித் தண்ணி எங்க போச்சாம்?” என்றாள் அம்மா.

மகரந்தத்தைப் பற்றி நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். பூ வாடிவிடுமே என்று ஓடினேன். கொடிக்கு நடுவில் நைனா குந்தியிருந்தார். கையில் இதழ் கிழித்த ஒரு பூ. அதை இன்னொரு பூவுக்குள் விட்டு மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மஞ்சள்.

“நைனா, ரெண்டும் மாப்பிள்ளை!”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகத்தில் அசடு வழிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்துவிட்டார்.

“மல்லாட்டைய மேட்டுக் கொல்லையில போட்டுக்கலாம். ஏர் இந்தப் பக்கம் வராது, போ” என்றார். பிறகு இலைகளை விலக்கிக் குனிந்துகொண்டே கேட்டார்: “பொண்ணு எப்படிடா இருக்கும்?”