இடப்பக்கம் இல்லாத கடை

மலேசியாவில், கூலாய் ஊரில் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். "இடது பக்கம் பாரு, மோட்டார் சைக்கிள் வருது!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கெட்டது. அப்படிப்பட்டவனுக்கு ஸ்ட்ரோக் வந்து, இடது பக்கம் என்ற ஒன்றையே மூளை மறந்துவிட்டது. கண்ணில் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றே தோன்றாது, அவ்வளவுதான். பாதி முகத்தை மட்டும் மழித்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வெளியே கிளம்புவேன்.

இத்தனைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். "சோறு ஏன் குறைச்சலா போடுற?" என்று மனைவியிடம் தினமும் சண்டை. அவள் தட்டைத் திருப்பி வைப்பாள். மறுசோறு போட்டுவிட்டாள் என்று நினைத்துச் சாப்பிடுவேன்.

ஜோகூர் பாருவில் மனைவியோடு சிகிச்சைக்குப் போனபோது, அங்கிருந்த இளம் தெரப்பிஸ்ட் என் கண்ணை முழுக்க மறைக்கிற, கம்ப்யூட்டர் படம் ஓடும் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டினாள். உள்ளே ஒரு முழு சூப்பர்மார்க்கெட்! அரிசி, பால், முட்டை, சீனி, சவர்க்காரம், பிஸ்கட். ஆறையும் எடுக்க வேண்டும்.

"இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு லா. பெரிய வேலையா கொடும்மா."

"முதல்ல இதை முடிங்க, அங்கிள்."

மூன்று சாமான் கிடைத்தது. மற்ற மூன்றும் கடையிலேயே இல்லை. "என்ன கடை நடத்துறானுங்க? சீனிகூட இல்ல. முதலாளியக் கூப்பிடு!" என்று சத்தம் போட்டேன். போட்ட வேகத்தில், அந்தப் படத்தில் தெரிந்த தள்ளுவண்டிமேல் சாயப் போனேன். இல்லாத வண்டி எப்படித் தாங்கும்? தெரப்பிஸ்டும் மனைவியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"அங்கிள், கடையோட இடது ஓரத்துல ஒரு சிவப்புக் கோடு இருக்கு. அது தெரியிற வரைக்கும் தலையை இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். இன்னும் திருப்பினேன். கோடு வந்தது. கூடவே ஒரு நீண்ட அலமாரி, மேலிருந்து கீழ்வரை சீனிப் பொட்டலங்கள். இத்தனை நாளாக உலகத்தில் பாதி எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. சோற்றுத் தட்டின் இடது பாதியும் அப்போதுதான் விளங்கியது.

கண்ணாடியைக் கழற்றியதும் மனைவியைக் கேட்டேன்: "எத்தனை நாளா தட்டைத் திருப்புற?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. உங்க இடது பக்கமா உட்கார்ந்து சொல்லிட்டேன் போல."

தெரப்பிஸ்ட் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் வலது பக்கம் நின்றிருந்தாள்.

அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு வாராவாரம் போனேன். ஆறு சாமானையும் எடுக்கப் பல வாரம் பிடித்தது. இப்போது தெப்ரா வட்டாரத்தில் இருக்கும் நிஜக் கடைக்கே போகிறோம். ஒவ்வொரு அலமாரி முன்னும் மேசைக் காற்றாடி மாதிரி தலையைத் திருப்புகிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

கார் ஓட்ட டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. போன தடவை "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றபோது நான் வாதாடாமல் தலையாட்டினேன். அதுதான் இதுவரை நான் கண்ட பெரிய முன்னேற்றம் என்கிறாள் மனைவி.