சுறாமுகனின் வெள்ளை மூலை

செசிலி அக்கா இறந்த செய்தியை அச்சுக்கூடத்துச் சின்னராசா அண்ணைதான் கொண்டுவந்தார். கொக்குவிலில் எங்கள் பாடசாலை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ரீச்சர், செசிலி ரீச்சர் விடியக்காத்தாலை மோசம் போட்டா. நெருப்புக்காய்ச்சல்." பிறகு நிலத்தைப் பார்த்தபடி, "முதலாளி ஒண்டு கேட்டுவரச் சொன்னவர். அடுத்த இதழுக்கான கட்டை முடிஞ்சுதோ எண்டு."

அன்று அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். முதலாளிக்கான பதிலை இந்த நினைவுக் குறிப்பில் சொல்கிறேன்.

எங்கள் சித்திர ஆசிரியையாக அவரை அறிந்தவர்கள் பலர். சுறா முகமூடி அணிந்து, அலைகளின் மேல் ஓடிவந்து, கடற்கொள்ளையரையும் கள்ளத் தராசு வியாபாரிகளையும் பிடிக்கும் சுறாமுகனைப் படக்கதையாகப் படைத்தவர் அவரே என்று அறிந்தவர்கள் சிலர். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டப் படமாகத் தொடங்கியவன் அவன். பிறகு மாதாந்தப் புத்தகமானான். போர்க்காலத்தில் கடதாசி கிடைக்காமல் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கினான், நிற்கவில்லை. அத்தனை படங்களையும் மரக்கட்டையில் செதுக்கியவர் செசிலி அக்கா. பேச்சு வரிகளை மட்டும் நான் எழுதினேன். நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள். எனக்கு நீண்ட வசனங்களில் ஆசை. "பிள்ளை, அடி வாங்கிறவன் இவ்வளவு கதைக்கமாட்டான். வெட்டும்," என்பார்.

அட்டையில் எந்நாளும் முதலாளியின் பெயரே இருந்தது. ஐம்பதாவது இதழில் அக்காவின் பெயரைப் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். அக்கா அட்டைப்படத்தின் வலது கீழ் மூலையில், கடலுக்குள், தன் பெயரைத் தானே செதுக்கிக் கொடுத்தார். புத்தகம் வந்தபோது அங்கே பெயர் இல்லை. கட்டையில் எதைச் செதுக்கி எடுக்கிறோமோ அது கடதாசியில் வெள்ளையாக விழும். பெயரை உளியால் வழித்தெடுத்திருந்தார்கள். கரிய கடலில் ஒரு வெள்ளை ஓட்டை.

நானும் அவரோடு அச்சுக்கூடத்துக்குப் போனேன்.

"உதென்ன முதலாளி?" அக்கா அந்த ஓட்டையில் விரலை வைத்துக் கேட்டார்.

"நுரை, பிள்ளை. கடலெண்டால் நுரை இருக்காதோ?"

"கடற்கரையிலை பிறந்த குருநகராளுக்கே நுரையைப் படிப்பிக்கிறியளோ?"

முதலாளி சிரித்தார். "பொம்பிளை கீறின சுறாமுகனெண்டு தெரிஞ்சால் பெடியள் வாங்குவாங்களோ? மானம் போயிடும்."

"ஆற்றை மானம்? சுறாமுகன்ரையோ, உங்கடையோ?"

அக்கா அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த கட்டையை எடுத்ததும் முதல் வேலையாக அதே மூலையில், அதே அளவுக்குச் செதுக்கி எறிந்தார். "பேரை வழிக்கலாம். வெறுமையை எப்பிடி வழிக்கிறாரெண்டு பாப்பம்."

அதன் பிறகு எல்லா அட்டைகளிலும் அந்த வெள்ளை இருந்தது. ஒருமுறை நீரில் விழுந்த நிலவின் விம்பமாக, ஒருமுறை படகின் பாயாக, சிலமுறை எதுவாகவும் இல்லாமல். "இந்தமுறை முட்டையடி!" "போடி, முதலாளியின்ரை வழுக்கை!" என்று என் வகுப்புப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். அக்கா கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதலாளியோ விளம்பரம் போட்டார்: 'வெள்ளை முத்திரை பார்த்து வாங்குக. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்.' திருடிய இடத்தையே தன் முத்திரையாக்கிக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடக்கத்துக்கு அவர் அனுப்பிய மலர்வளையத்தில் 'எமது ஊழியர்' என்றிருந்தது. பொறுத்துக்கொண்டேன். இந்த மாத இதழை வேறொருவர் கீறியிருக்கிறார். சுறாமுகனின் கால்கள் அலையில் படவேயில்லை. வெள்ளை மூலை மட்டும் தவறாமல் இருக்கிறது. உள்ளே ஓர் அறிவித்தல்: 'சுறாமுகனைப் படைத்தவர் காலமானதாகப் பரவும் வதந்தியை நம்பவேண்டாம். அவர் பூரண சுகத்துடன் இருக்கிறார்.'

இல்லை. அவர் இறந்துவிட்டார். குருநகர்ச் சேமக்காலையில், இன்னும் காயாத மண்ணுக்குக் கீழே இருக்கிறார். பெயர் செசிலியா.

முதலாளியவர்களே, கட்டை முடியவில்லை. அக்காவின் தாயார் அதை என்னிடம் தந்தார். அந்த மூலை மட்டும்தான் செதுக்கப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் உளி படாத மரம். அது என்னிடமே இருக்கும். நீங்கள் எத்தனை பேரை அனுப்பினாலும் தரமாட்டேன்.

அவரை அறிந்தவர்களே, வீட்டிலுள்ள சுறாமுகன் இதழ்களை எடுங்கள். வெள்ளை மூலையில் பேனாவால் அந்தப் பெயரை எழுதுங்கள். இடம் போதும். அவர் அளந்துதான் செதுக்கியிருக்கிறார்.