கோழிக்குப் போட்ட பாட்டு

முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று "நேத்து ரேடியோவுல என்ன கேட்டீங்க?" என்று கேட்டு, "அது உனக்கு எதுக்கு?" என்பதற்குப் பதில் சொல்வதுதான் ரேடியோ கணக்கெடுப்பு வேலை. இப்படி வீடு வீடாக ஏறி இறங்கி நாயிடம் குரைப்பு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதகம்.

பிளஸ் டூவோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், பிடிக்கவில்லை. நாமக்கல்லில் இந்த வேலை கிடைத்தது. எங்கள் பக்கத்து எஃப்.எம். ஒன்றில் மத்தியானம் மெதுவான பழைய பாட்டாகப் போடுவார்கள். அதை நடத்துவது எங்கள் தெரு கவிதா அக்கா. கேட்கிற ஆள் குறைவு என்று கணக்கு வந்தால் அந்த நேரத்துக்குக் குத்துப்பாட்டு வந்துவிடும், அக்காவுக்கு வேலை போய்விடும். அக்கா என்னிடம் எதுவும் கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பொய் எழுதித் தொலைச்சறாதடி, அப்புறம் உன்ற வேலையும் போயிரும்."

மோகனூர் மரியாதை

மோகனூரில் ஒரு கரும்புக்காரர் வீடு. நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். கவிதா அக்காவின் ஸ்டேஷன் பேரைச் சொல்லிக் கேட்பீர்களா என்றேன். "தினமும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஸ்டேஷன் பேரைச் சொன்னேன். அதையும் தினமும் கேட்பாராம். சந்தேகம் வந்து, இல்லாத ஸ்டேஷன் ஒன்றை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். அது ரொம்ப நல்லா இருக்கும் என்றார்.

"ஏனுங்க, ஊட்டுல ரேடியோ இருக்குதுங்களா?"

இல்லை. போனில் கேட்பீர்களா என்றால், போனில் அதெல்லாம் வருமா என்று என்னையே கேட்கிறார். அப்புறம் எதற்கு எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டீர்கள் என்று எரிச்சலோடு கேட்டேன். மனுஷன் கோபப்படவே இல்லை.

"வெயில்ல வந்த புள்ளைகிட்ட எப்படி அம்மிணி இல்லீன்னு சொல்றது?"

தறிக்குள்ளே

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தறிக்கூடம். ஜன்னலில் பேட்டரி ரேடியோ, சிவப்பு விளக்கு எரிகிறது. சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஆனால் தறி போடுகிற சத்தத்தில் ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. கேட்காத பாட்டை எதற்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு மண்டை காய்ந்தது. தறி ஓட்டுகிற அண்ணனின் காதுக்குள் கத்திக் கேட்டேன். அவரும் என் காதுக்குள் கத்தினார்: கரண்ட் போனால் தறி நிற்கும், அப்போது பாட்டு கேட்கும், கரண்ட் வந்ததும் பாட்டு போய்விடும்.

"அப்ப நேத்து மத்தியானம் பழைய பாட்டு கேட்டீங்களாண்ணா?"

"நேத்து கரண்டு போகலீங்க!"

கோழிக்குக் கீழே

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. கொட்டகைக்குள் கவிதா அக்கா குரல் கணீரென்று வருகிறது. ஓடிப்போய் முதலாளியிடம் கேட்டால், "நாங்க ஆரும் கேக்கறதில்லீங்க, அது கோழிக்கு" என்கிறார். கொட்டகை அமைதியாக இருந்தால் ஒரு வாளி விழுந்தால்கூடக் கோழி மிரண்டு படபடக்குமாம், முட்டை குறையுமாம். நாள் முழுக்க ஏதாவது சத்தம் பழகிவிட்டால் மிரளாதாம். அதிலும் மெதுவான பாட்டுதான் தோது என்றார். கோழியைச் சேர்க்க, நாங்கள் பதில்களைப் பதிகிற போன் ஆப்பில் இடமில்லை.

முட்டை பொறுக்குகிற அக்காவிடம் திரும்பினேன். "நானா? அட, அது கோழிக்குப் போடறதுங்க" என்றார். சொல்லிவிட்டு, அட்டையில் முட்டையை அடுக்கிக்கொண்டே ரேடியோவோடு சேர்ந்து பாடுகிறார்! பொய் சொல்லவில்லை, தன்னைக் கணக்கில் சேர்க்கவே அவருக்குத் தோன்றவில்லை. கேள்வியை மாற்றினேன்: நேற்று மத்தியானம் ரேடியோவில் என்ன நடந்தது? "அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுங்க, பாவம். 'போயிட்டு வாரேன்'னு அது சொன்னாத்தான் நாங்க சோத்துப்போசியவே தொறப்போம்."

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "கோழிய வுடு. காதுல வுழுந்து ஞாபகமும் இருந்தா அந்தம்மா கேக்கறவங்கதான், போடு" என்றார். அந்த அக்காவிடம் சொன்னேன், பேரை எழுதிக்கொள்கிறேன் என்று. அவருக்கு வெட்கம்.

"எழுதிக்கங்க. கோழிக்குக் கீழயே எழுதிக்கங்க."

விளம்பரம்

அதற்கப்புறம் ஒவ்வொரு பண்ணையிலும் முதலாளியோடு நிறுத்தாமல் உள்ளே போய்க் கேட்டேன். எல்லாக் கொட்டகையிலும் இதே கதை. கணக்கு மேலே போனது. நிகழ்ச்சியை எடுக்கவில்லை, கவிதா அக்காவின் வேலை தப்பியது. நானும் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

ஆனால் யார் கேட்கிறார்கள் என்பது விளம்பரம் பிடிக்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டதே! பட்டுச்சேலைக் கடை விளம்பரம் போய்விட்டது. இப்போது பாட்டுக்கு நடுவில் தீவனம், தடுப்பூசி, கூண்டுக் கம்பி. கவிதா அக்கா நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அடியே, காதல் பாட்டு முடிஞ்ச கையோட கோழிக் கழிச்சலப் பத்திப் பேசச் சொல்றாங்கடி! பேசறேன், என்ன பண்றது, சம்பளம் வருதே!"

இந்த ஜில்லாவில் யாரெல்லாம் ரேடியோ கேட்கிறார்கள் என்று இன்னமும் எனக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்றோ, கேட்காததைக் கேட்டேன் என்றோ சொல்லி என்னை அலைய விடாத ஒரே கூட்டம் கோழிகள்தான்.