பயிற்சி பெற்ற ஒரே ஆள்

‘பயிற்சிக்கு அனுப்பப்படுபவர் பணியில் உள்ளவராக இருத்தல் வேண்டும்.’

சுகாதாரத் துறையின் பழைய சுற்றறிக்கை ஒன்றில் இருக்கும் வரி இது. தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தவன் நானேதான். இதைக்கூட விதியாக எழுத வேண்டுமா என்று அன்று சிரித்தேன். எழுதியும் பயனில்லை என்பது போன வருடம் தெரிந்தது.

குழந்தைகளுக்கு வரும் அலர்ஜியைக் கண்டுபிடித்துச் சமாளிப்பது எப்படி என்று கொடைக்கானலில் ஒரு நாள் பயிற்சி. டாக்டர்கள், நர்சுகள், மருந்தாளுநர்கள்... நடுவில், ஓய்வு பெற்று ஆறு வருடமான நான்.

எப்படி? பூம்பாறை தாண்டி இருக்கும் எங்கள் சிற்றூருக்கு ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். போக வேண்டியவர் எங்கள் கிராம சுகாதார நர்ஸ் ஜெயராணி. அன்றைக்கே அவருக்குத் தடுப்பூசி முகாம். இரண்டு உத்தரவும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை. ஒரே மேசையிலிருந்து என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. ஏற்பாடுகளைக் கவனித்த பாண்டி ஒரு காலத்தில் என்னிடம் கிளார்க்காக இருந்தவன். காலையில் போன் செய்தான்.

“சார், வருகைப் பட்டியல்ல ஒங்க ஊர்க் கட்டம் காலியாக் கெடக்கு. அப்படியே அனுப்புனா எனக்கு மெமோ வந்துரும். சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போங்க சார்.”

காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்கும் கை பரபரக்கும். போனேன்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண் டாக்டர். கெட்டிக்காரர். தோலில் தடிப்பு மட்டும் வந்தால் ஒரு மாதிரி, உதடு வீங்கி மூச்சு இழுத்தால் வேறு மாதிரி என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். கடலை தின்ற குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது, முதலில் என்ன செய்வீர்கள்?

“பதிவேட்டில் நேரத்தைக் குறிப்பேன்” என்றேன்.

கூடமே சிரித்தது. ஆனால் முன் வரிசையில் இரண்டு பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சரியான பதில் — அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கம், உடனே. மாத்திரை, சிரப் என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. குழந்தையை நடக்கவிடக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைச் சொல்லி முடித்ததும் டீ இடைவேளை. தட்டில் என்ன வந்தது? மசாலாக் கடலை. டாக்டர் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஒரு வாரத்தில், எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ‘குழந்தைகள் அலர்ஜி — பயிற்சி பெற்றவர்’ என்று போட்டு, எதிரே என் பெயர்.

அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார் செல்வி. பூண்டுக் காட்டில் கூலி வேலை. மகள் யாழினிக்கு நாலு வயது. கடலை பட்டாலே உதடு வீங்கும், இரண்டு முறை கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

“ஊசி போடத் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்தாத்தான் பால்வாடிக்கு அனுப்புறதுன்னு இருந்தேன் சார். நீங்க இருக்கீங்கன்னு போட்டிருக்கு.”

எனக்குப் பேனாவுக்கு மை போடத்தான் தெரியும். உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அப்ப அது யாருக்கு வந்த சீட்டு சார்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே பயிற்சியில் குறிப்பெடுத்த நோட்டை எடுத்துக்கொண்டு ஜெயராணியிடம் போனேன். “வாங்க டாக்டர் சார்” என்றார். பிறகு அரை மணி நேரத்தில் நோட்டு முழுவதையும் படித்து, எனக்கே புரியாத இரண்டு இடங்களை எனக்கு விளக்கினார். அவருடைய தடுப்பூசிப் பெட்டியிலேயே அதே அட்ரினலின் மருந்து இருந்தது. சிக்கல் வேறு.

“தடுப்பூசி போட்டு ஒத்துக்கலைன்னா இதப் போடலாம்னு ஆர்டர் இருக்குங்க சார். கடலைக்கு ஆர்டர் இருக்கா?”

எல்லா விதியும் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். தேடினேன். போடலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. எனவே ஜெயராணிக்குப் பயிற்சி அளிக்க வேண்டும், கடலைக்கும் தெளிவான உத்தரவு வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். நினைவூட்டல். இரண்டாம் நினைவூட்டல். ஒப்புகை அட்டைகள் மட்டும் தவறாமல் திரும்பி வந்தன.

அதுவரைக்கும்? செல்வி ஒரு நிபந்தனை போட்டார். பால்வாடியில் தின்பண்ட நேரத்துக்கு நான் காவல் இருக்க வேண்டும். நாலு வயதுக்காரர்களுக்குச் செய்த நாற்காலியில், முழங்கால் காதைத் தொட, தினமும் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் டவுசர் பைகளைச் சோதித்தேன்.

“ஏலே, கடலைத் தாத்தா வருது, ஒளிச்சு வையி.”

ஒளித்து வைத்ததில் ஒன்று தப்பிவிட்டது. ஒரு சிறுமி, ரொம்பப் பிரியமாக, தன் கடலை உருண்டையில் பாதியை யாழினிக்குக் கொடுத்துவிட்டாள். சில நிமிடங்களில் உதடு வீங்கியது. மூச்சில் விசில் சத்தம்.

பயிற்சி பெற்றவர் என்ன செய்தார்? ஜெயராணியைக் கத்திக் கூப்பிட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஜெயராணி பெட்டியோடு ஓடிவந்தார். மருந்தை உறிஞ்சிய பிறகு ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

“சார்... ஆர்டர்?”

“நான் எழுதிக்கிறேன். வெரசாப் போடுங்க.”

போட்டார். கொஞ்ச நேரத்தில் யாழினி மலையே எதிரொலிக்கிற மாதிரி அழுதாள். அதற்கு முன் எந்த அழுகையையும் நான் அப்படி ரசித்ததில்லை. 108 வந்தது. கொடைக்கானலில் டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு அறிகுறி, எத்தனை மணிக்கு ஊசி என்று. நான் தாளை நீட்டினேன். என் உத்தியோக வாழ்க்கை முழுவதிலும் யாரும் என் குறிப்பை அவ்வளவு ஆர்வமாகப் படித்ததில்லை. மறுநாள் ஊர் திரும்பிய யாழினி, மீதி உருண்டையை நான் பிடுங்கிக்கொண்டதாகப் புகார் செய்தாள்.

நடந்ததை நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். மறுபடி காத்திருப்பு.

கடைசியில் பதில் வந்தது. ‘தங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர் ஒருவர் ஏற்கெனவே உள்ளதால், திருமதி ஜெயராணிக்குப் பயிற்சி அளிக்க இயலாது. எனினும், மேற்படி சிகிச்சையை நேரில் அளித்த அனுபவம் உள்ளவர் என்பதால், அடுத்த பயிற்சியில் அவர் வகுப்பு எடுக்கப் பணிக்கப்படுகிறார்.’

ஜெயராணி இரண்டு முறை படித்தார்.

“கடலைக்குப் போடலாமா கூடாதான்னு இதுல இல்லையே சார்?”

“அதை நீங்கதான் வகுப்புல சொல்லித் தரணும்” என்றேன்.

விஷயத்தைக் கேட்ட செல்வி, வகுப்பே எடுக்கிற நர்ஸ் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும்போது நாளையிலிருந்து நான் பால்வாடிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பழக்கம் விடவில்லை, நாளைக் குறித்துக்கொண்டேன்: பதில் வந்தது பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்.